ஸ்லைடுக்கு அடியில் சிவப்பு எண்ணெய்: கசிவு எங்கே என்று எப்படிப் பிடிப்பது?

#1 நெடுஞ்சாலைவாசி · குவார்ட்ஸைட், அரிசோனா

வணக்கம் நண்பர்களே. குளிர்காலத்துக்கு குவார்ட்ஸைட் பக்கம் லா போஸா முகாம் நிலத்தில் வண்டியைப் போட்டிருக்கிறோம். 38 அடி ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் டிரக் இழுத்துப் போகும் வீட்டு வண்டி. மூன்று ஸ்லைடு (வண்டியை நிறுத்தியபின் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி), முன்னால் லேண்டிங் கியர் என்கிற தாங்குகால், பின்னால் வண்டியைச் சமமாக நிறுத்தும் லெவலிங் ஜாக் எல்லாமே ஒரே ஹைட்ராலிக் பம்பில் ஓடுகின்றன.

ஹாலில் இருக்கும் பெரிய ஸ்லைடு வெளியே போகும்போது பாதி வழியில் திணறியது, உதறியது, அப்புறம் மெதுவாகப் போய் நின்றது. மறுநாள் காலையில் கதவுப் பக்கச் சக்கரங்களுக்குப் பின்னால் மண்ணில் சிவப்பாக எண்ணெய். முன் அறையில் இருக்கும் தொட்டியைத் திறந்து பார்த்தேன், மட்டம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் பம்ப் இருக்கும் இடம் காய்ந்துதான் கிடக்கிறது.

ஒரு டீலரிடம் தொலைபேசியில் பேசினேன். பம்ப், ஹோஸ் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்ற வேண்டும், மார்ச்சில்தான் இடம் கிடைக்கும் என்கிறார்கள். வண்டியைப் பார்க்காமலே எப்படி இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று புரியவில்லை. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? எண்ணெய் ஊற்றலாமா, எந்த எண்ணெய்? இந்த நிலையில் ஸ்லைடை உள்ளே இழுக்கலாமா?

#2 பிசுக்குக்கை · ஃபிரெஸ்னோ, கலிஃபோர்னியா

எனக்கு விவசாய எந்திரங்களின் ஹைட்ராலிக் பழுது பார்ப்பதுதான் தொழில். உங்கள் கேள்விக்குள் போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். துணியைச் சுற்றிக்கொண்டும் வேண்டாம், கையுறை போட்டுக்கொண்டும் வேண்டாம்.

இந்த ஸ்லைடு சிஸ்டங்களில் அழுத்தம் 2000, 3000 பிஎஸ்ஐ என்று சர்வசாதாரணமாகப் போகும். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால், அங்கிருந்து வரும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது; ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் இருக்கும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே திசு கெட ஆரம்பித்துவிடும். இதில் விரலை இழந்தவர்கள் உண்டு. யாருக்காவது நடந்தால் உடனே எமர்ஜென்சிக்குப் போய், “உயர் அழுத்த எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிட்டது” என்று அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சின்னக் காயம் என்று மருந்து போட்டு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. தேடுவதற்கு ஒரு நீளமான அட்டைத் துண்டு போதும். அதை ஹோஸ் பக்கத்தில் பிடித்து நகர்த்தினால், பீய்ச்சும் இடத்தில் அட்டை நனையும்.

சரி, இனி உங்கள் வண்டி. பம்ப் காய்ந்திருக்கிறது, எண்ணெய் பின்னால் சொட்டுகிறது என்றால் பம்பை மாற்றச் சொல்வதற்கு என்ன காரணம்? பம்ப் தேய்ந்தால் வேகம் குறையும், அழுத்தம் ஏறாது. தரையில் எண்ணெய் வராது. எண்ணெய் எங்கிருந்து வெளியேறுகிறது என்று தெரியும்வரை ஒரு பாகமும் வாங்காதீர்கள்.

அப்புறம், சொட்டும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் வண்டியின் அடியில் கோரோபிளாஸ்ட் என்கிற அந்தக் கருப்புப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். மேலே எங்கே ஒழுகினாலும் எண்ணெய் அந்தத் தகட்டின் மேல் ஓடி, தாழ்வான இடத்தில் ஏதாவது ஸ்க்ரூ ஓட்டை கிடைத்தால் அங்கே சொட்டும். சக்கரத்துக்குப் பின்னால் சொட்டுகிறது என்றால் கசிவு அதற்குப் பத்து அடி முன்னாலேயும் இருக்கலாம்.

எண்ணெய்: சிவப்பு நிறம் என்பதால் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்தான், டெக்ஸ்ரான் 3 வகை. பெரும்பாலான ஆர்வி (வீட்டு வண்டி) ஹைட்ராலிக்குகளுக்கு அதுதான் சொல்லப்படுகிறது. உங்கள் பம்ப் தொட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் ஒருமுறை பாருங்கள். பிரேக் எண்ணெயை மட்டும் அவசரத்துக்குக்கூட ஊற்றிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் நைட்ரைல் ரப்பர் சீல்களை அது ஊதிப்போக வைத்துவிடும். அப்புறம் ஒரு ஹோஸ் பிரச்சினை எல்லா சிலிண்டரின் பிரச்சினையாகிவிடும்.

எவ்வளவு ஊற்றுவது என்பதில் கவனம். ஸ்லைடும் ஜாக்கும் வெளியே இருக்கும்போது எண்ணெயில் ஒரு பங்கு சிலிண்டர்களுக்குள் போய்விடுவதால் தொட்டியில் மட்டம் குறைவாகத்தான் தெரியும். அப்போது பார்த்து வாய்வரை நிரப்பினால், எல்லாம் உள்ளே வரும்போது மூடியின் காற்றுத் துளை வழியாகப் பொங்கி வெளியே வரும். “பம்பில் கசிவு” என்று சொல்லப்படுவதில் பல இந்தக் கதைதான். எல்லாம் உள்ளே இருக்கும் நிலையில் மேல் விளிம்புக்கு கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் கீழே நிற்க வேண்டும். இப்போதைக்கு பம்ப் காற்றை உறிஞ்சாத அளவுக்குக் கொஞ்சம் ஊற்றினால் போதும்.

ஸ்லைடை இப்போதே இழுக்க வேண்டாம். இடத்தைக் கண்டுபிடித்த பிறகு பார்க்கலாம்.

#3 மீனாட்சி_கால்வெஸ்டன் · டெக்சஸ்

பிசுக்குக்கை அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கசிவு ஒரு பிரச்சினை, ஸ்லைடு திணறியது வேறொரு பிரச்சினையாக இருக்கலாம். இரண்டும் ஒரே நாளில் கண்ணில் பட்டதால் ஒரே காரணம் என்று முடிவு செய்ய வேண்டாம்.

அந்தப் பம்பை ஓட்டுவது 12 வோல்ட் மோட்டார். பாரம் ஏறும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டியில் இருக்கும் கன்வெர்ட்டர், அதாவது வெளி கரண்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி, வழக்கமாக 55, 60 ஆம்பியர் தரும். அதனால் கரண்ட் பிளக் போட்டிருந்தாலும், ஜெனரேட்டர் ஓடினாலும், நல்ல பேட்டரி நடுவில் இல்லாமல் அந்தப் பம்ப் முழு வேகத்தில் ஓடாது. லா போஸாவில் கரண்ட் இணைப்பு கிடையாது, ராத்திரி ஹீட்டர் ஓடி பேட்டரி இறங்கியிருக்கும்.

ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். முதலில் எதுவும் ஓடாதபோது பேட்டரி முனைகளில் அளவு. லெட் ஆசிட் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் 12.6, 12.7 காட்டும், 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். அடுத்து முக்கியமானது: ஒருவரை ஸ்லைடு பொத்தானை அழுத்தச் சொல்லி, பம்ப் ஓடும்போதே மோட்டாரின் மேல் இருக்கும் பெரிய முனையிலும் மோட்டார் உடம்பிலும் அளவு பாருங்கள். அதே நேரத்தில் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நடுவில் எங்கோ தடை இருக்கிறது. கிரவுண்டு வயரின் முனை, சர்க்யூட் பிரேக்கர், சாலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்ச்), இந்த வரிசையில் பார்ப்பேன். ஃபிரேமில் பெயின்ட் மேலேயே கிரவுண்டு முனையை முடுக்கியிருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

கசிவு சரியாகும்வரை இதற்காகப் பெரிய ஸ்லைடை ஓட்ட வேண்டாம். உங்கள் வண்டியில் ஸ்லைடுகளுக்குத் தனித்தனி வால்வு இருந்தால் சின்ன ஸ்லைடை ஒரு அங்குலம் அசைத்தால் போதும், அளவு கிடைத்துவிடும்.

#4 பைன்மரநிழல் · ஆஷ்வில், வட கரோலினா

தம்பி, எனக்குத் தெரிந்த ஒரு வழி. கார் பாகக் கடையில் டிரான்ஸ்மிஷனுக்கான ஸ்டாப் லீக் திரவம் கிடைக்கும். ஒரு பாட்டில் தொட்டியில் ஊற்றினால் சீல் கொஞ்சம் உப்பி கசிவை அடைத்துவிடும். பழைய வண்டி ஒன்றில் ஜாக் கசிவுக்கு நண்பர் ஒருவர் ஊற்றி, சீசன் முழுக்க ஓட்டினார். மார்ச்வரை தாக்குப்பிடிக்க உதவும்.

#5 பிசுக்குக்கை

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்தத் திரவம் ரப்பரை உப்ப வைத்துத்தான் வேலை செய்கிறது. வயதான சிலிண்டர் சீல் லேசாக வேர்ப்பதற்கு அது கொஞ்ச காலம் பயன்படலாம். ஹோஸ் கிழிசலுக்கோ தளர்ந்த ஃபிட்டிங்குக்கோ (ஹோஸ் முனை இணைப்பு) அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் நன்றாக இருக்கும் மற்ற எல்லா சீலையும், வால்வுக்குள் இருக்கும் சின்ன ஓ-ரிங்குகளையும் அது மென்மையாக்கும். ஒரே தொட்டி எண்ணெய்தான் ஜாக்குகள், மூன்று ஸ்லைடு எல்லாவற்றுக்கும் போகிறது. எங்கே கசிகிறது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

நெடுஞ்சாலைவாசி, தேடும் முறை இதுதான். அடித்தகட்டை வெட்டாமல் ஓர ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு பக்கமாகத் தொங்க விடுங்கள். தேங்கியிருக்கும் எண்ணெய் கொட்டும், கீழே பெரிய தட்டு வையுங்கள். அது அரசு நிலம், மண்ணில் விடக் கூடாது. ஹோஸ்களையும் ஃபிட்டிங்குகளையும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். அதன் மேல் டால்கம் பவுடரை விபூதி பூசுவது போல மெல்லியதாகத் தூவி விடுங்கள். பிறகு பொத்தானை ஒரு நொடி, இரண்டு நொடி மட்டும் தட்டச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். வெள்ளைப் பவுடரில் சிவப்பு எங்கே முதலில் தெரிகிறதோ அதுதான் இடம். நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது யாரும் பொத்தானைத் தொடக் கூடாது. வண்டி ஜாக்குகளை நம்பி மட்டும் நிற்கும்போது அடியில் போகவும் கூடாது. ஜாக் ஸ்டாண்டு வையுங்கள். அந்த ஜாக்குகளைத் தாங்கி நிற்பதும் இதே எண்ணெய்தான்.

#6 ஒன்ராறியோ_வாசன் · கிச்சனர், கனடா

அண்ணை சொன்னதோட ஹோசை மட்டும் பாக்காமல் சிலிண்டர் தண்டையும் பாருங்கோ. இங்கே குளிர்காலத்தில் வீதியில் உப்புப் போடுவார்கள். அந்தத் தண்ணி தெறிச்சு குரோம் பூசிய தண்டில் சின்னச் சின்னப் புள்ளியாகத் துரு பிடிக்கும். அந்தத் தண்டு உள்ளுக்கும் வெளியிலும் போய் வரும்போது ஒவ்வொரு தரமும் சீலை அராவும். என்னுடைய வண்டியில் சீலை மட்டும் மாத்தித் தந்தார்கள், தண்டைத் தொடவில்லை. அடுத்த கோடைக்குள் புதுச் சீலும் கிழிஞ்சு போச்சுது. தண்டில் நகத்தால் தடவும்போது மாட்டுற மாதிரி பள்ளம் இருந்தால் சிலிண்டரையே மாத்துறதுதான் சரி. பம்பை நிப்பாட்டி, அழுத்தத்தை இறக்கினப் பிறகுதான் தொட்டுப் பாக்க வேணும்.

தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது பிழையில்லை. சொட்டாக இறங்கினால்தான் கவலை.

#7 நெடுஞ்சாலைவாசி

எல்லாருக்கும் நன்றி. கண்டுபிடித்தாகிவிட்டது, அதுவும் இரண்டு காரணங்கள்.

மீனாட்சி அக்கா சொன்ன அளவை முதலில் எடுத்தேன். பம்ப் ஓடும்போது பேட்டரியில் 11.7, மோட்டாரில் 9.9. கிரவுண்டு முனையைக் கழற்றிப் பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. ஃபிரேமைப் பளபளப்பாகத் தேய்த்து, புது முனை போட்டு முடுக்கினேன். இப்போது இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 வோல்ட். சின்ன ஸ்லைடும் ஜாக்குகளும் புதுசு போல ஓடுகின்றன.

கசிவு: பிசுக்குக்கை அண்ணா சொன்னது அப்படியே. சொட்டிய இடத்திலிருந்து ஏழெட்டு அடி முன்னால், குறுக்கு இரும்புச் சட்டத்தின் ஓட்டை வழியாக ஹோஸ்கள் போகின்றன. அந்த ஓட்டையின் ஓரத்துக்கு ரப்பர் வளையமே போடவில்லை. பெரிய ஸ்லைடுக்குப் போகும் ஒரு ஹோஸ் இரும்பு விளிம்பில் உரசி உரசி மேல் உறை போய்விட்டது. அட்டையில் நேர்க்கோடு போல நனைந்தது. பக்கத்து ஹோஸிலும் உரசல் தெரிகிறது, இன்னும் ஓட்டை விழவில்லை.

இந்த ஊரில் ஹோஸ் செய்து தருபவர்கள் கிடைப்பார்களா? ஹோஸ் வரும்வரை ஜாக்குகளைப் பயன்படுத்த முடியுமா?

#8 பிசுக்குக்கை

நல்ல வேலை. டீலர் கேட்ட பம்ப் உங்களுக்குத் தேவையே இல்லை.

ஆற்றைத் தாண்டி பிளைத் போங்கள், மேற்கே 20 மைல்தான். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க குதிரைமசால் வயல். டிராக்டருக்கு ஹோஸ் அழுத்தித் தரும் கடை இல்லாமல் அந்த ஊர் நடக்காது. பழைய ஹோஸைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். உரசியிருக்கும் பக்கத்து ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது: ஹோஸின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணும் வேலை அழுத்தமும். உங்களுடையது 100ஆர்7 என்று போட்ட பிளாஸ்டிக் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அழுத்தம் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கட்டும், குறையக் கூடாது. கம்பி வலை போட்ட 100ஆர்2 இன்னும் பலமானது, ஆனால் விறைப்பாக இருக்கும். கால் அங்குல ஹோஸை 4 அங்குல ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. ஸ்லைடோடு சேர்ந்து நகரும் இடமாக இருந்தால் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதே நீளம் வேண்டும். குட்டையாகப் போனால் ஸ்லைடு முழுதாகப் போகும்போது ஃபிட்டிங்கைப் பிடித்து இழுக்கும்.

ஃபிட்டிங் 37 டிகிரி சாய்வு கொண்ட ஜேஐசி வகையாக இருந்தால், அதில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அங்கே அடைப்பது உலோகச் சாய்வுதான், மரை இல்லை. டேப் சுற்றினால் சாய்வு சரியாக உட்காராது, கிழிந்த துணுக்கு வால்வுக்குள் போய் உட்காரும். கையால் இறுக்கி, இரண்டு ஸ்பேனர் பிடித்து அளவாகக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஒரு ஸ்பேனரை மட்டும் வைத்துத் திருகினால் எதிர்ப்பக்க ஃபிட்டிங்கும் சேர்ந்து சுற்றி வேறொரு கசிவு வரும். முறுக்கு மேல் முறுக்கு போட்டால் சாய்வு வெடித்துவிடும்.

கழற்றுவதற்கு முன்னால் பேட்டரி சுவிட்சை அணைத்து, வண்டி கையேட்டில் சொன்னபடி அழுத்தத்தை இறக்கி, துணியைச் சுற்றிக்கொண்டு நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஜாக் கேள்விக்கு: அதே கடையில் ஜேஐசி மூடியும் அடைப்பானும் சில வாங்குங்கள். கால் அங்குல ஹோஸுக்கு 4 எண் அளவு, மரை 7/16-20. ஹோஸைக் கழற்றிய இரண்டு முனையையும் மேனிஃபோல்டில் (ஹோஸ்கள் வந்து சேரும் வால்வுக் கட்டை) மூடிவிட்டால் அந்த ஸ்லைடு மட்டும் தனியாகிவிடும், ஜாக்கும் மற்ற ஸ்லைடுகளும் ஓடும். மூடினால் அந்த ஸ்லைடு எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும், அதை மறக்க வேண்டாம். சிலிண்டர் பக்கமும் மூடி வையுங்கள். குவார்ட்ஸைட் புழுதி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் வால்வைக் கெடுத்துவிடும்.

#9 மிச்சிகன்_புதுசு · லான்சிங்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் டிரெய்லரில் ஸ்லைடு கோணலாகப் போகிறது, மேல் மூலை ஒரு பக்கம் முந்துகிறது. எண்ணெய் எங்கே ஊற்றுவது என்று தேடுகிறேன், தொட்டியே இல்லை.

#10 மீனாட்சி_கால்வெஸ்டன்

தம்பி, ஸ்லைடின் இரண்டு பக்கச் சுவரிலும் மேலும் கீழுமாகப் பல் வைத்த அலுமினியத் தண்டவாளம் தெரிகிறதா? தெரிந்தால் அது ஷ்விண்டெக் வகை. அதில் ஹைட்ராலிக்கே கிடையாது. பக்கத்துக்கு ஒரு சின்ன மின் மோட்டார், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும்படி ஒரு கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். பொத்தானைப் பாதியில் விட்டு விட்டு அழுத்தினால் இரண்டும் கணக்குத் தவறும். முழுதாக வெளியே போனபின்னும், முழுதாக உள்ளே வந்தபின்னும் மோட்டார்கள் தாமாக நிற்கும்வரை பொத்தானை விடாமல் பிடியுங்கள். சிறிய கோணல் பெரும்பாலும் இதிலேயே சரியாகும். சரியாகவில்லையென்றால் பலவந்தமாக ஓட்ட வேண்டாம், தண்டவாளப் பல் சிதைந்தால் செலவு பெரிது. இந்த வகைக்கும் பேட்டரி பலமாக இருக்க வேண்டும்.

ஸ்லைடுக்கு நாலு மூலையிலும் இரும்புக் கேபிள் தெரிந்தால் அது வேறு வகை. அதில் கேபிளின் இழுவையைச் சரி செய்ய வேண்டும். படம் எடுத்துப் போடுங்கள், சொல்கிறோம்.

#11 நெடுஞ்சாலைவாசி

இரண்டு ஹோஸும் பிளைத்தில் ஒரு டிராக்டர் பாகக் கடையில் அழுத்தி வாங்கிவிட்டேன், காத்திருந்து கையோடு. மொத்தச் செலவு டீலர் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட இல்லை. சட்டத்து ஓட்டையின் விளிம்பை அரம் போட்டு மழுக்கி, பிளந்த ரப்பர் ஹோஸ் ஒன்றை விளிம்பு முழுக்க மாட்டிக் கட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம். புது ஹோஸ் போட்ட பிறகு ஸ்லைடு இரண்டு பக்கமும் சமமாகப் போகாமல் நடுங்குகிறது. தொட்டியில் நுரை தெரிகிறது.

#12 பிசுக்குக்கை

காற்றுதான். எண்ணெயை அமுக்க முடியாது, காற்றை அமுக்க முடியும், அதனால்தான் நடுங்குகிறது. தொட்டி மட்டத்தைக் கவனித்துக்கொண்டே ஸ்லைடை முழுதாக வெளியே, முழுதாக உள்ளே என்று சில தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு முனையிலும் மூன்று நான்கு நொடி பொத்தானைக் கூடுதலாகப் பிடியுங்கள், இரண்டு சிலிண்டரும் கடைசிவரை போய்ச் சமமாகும். நடுவில் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆற விடுங்கள். அது தொடர்ந்து ஓடுவதற்குச் செய்த மோட்டார் கிடையாது. நுரை அடங்க ஒரு ராத்திரி விட்டு, எல்லாம் உள்ளே இருக்கும் நிலையில் காலையில் மட்டம் சரி பாருங்கள்.

#13 கழனியூர்க்காரர் · சாக்ரமெண்டோ

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் மோட்டார்ஹோமில் நேர்மாறான கதை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, தொட்டி மட்டமும் குறையவில்லை. ஆனால் ஓட்டிக்கொண்டு போகும்போது ஸ்லைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. இறங்கிப் பார்த்தால் ஒரு அங்குலம் வெளியே நிற்கிறது. எண்ணெய் போகாமல் எப்படி அழுத்தம் குறையும்?

#14 பிசுக்குக்கை

உள் கசிவு. சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குள் நழுவும். வெளியே ஒன்றும் வராது. இன்னொரு வழி, ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் வால்வில் தூசி உட்கார்ந்து முழுதாக மூடாமல் இருப்பது. இரண்டில் எது என்று தெரியாமல் சிலிண்டர் வாங்கினால் பணம் வீணாகலாம்.

பிரித்துப் பார்க்கும் வழி: ஸ்லைடை உள்ளே இழுத்து, பயணப் பூட்டுக் கம்பி மாட்டி, அழுத்தத்தை இறக்குங்கள். ஸ்லைடை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஹோஸை வால்வுப் பக்கம் கழற்றி, ஹோஸ் முனையை அடைப்பானால் மூடுங்கள். மறு ஹோஸையும் கழற்றி அதன் முனையைத் திறந்து ஒரு வாளியில் விடுங்கள். வால்வின் துளைகளை மூடிவிடுங்கள். இப்போது வால்வுக்கு இதில் வேலை இல்லை. பூட்டை எடுத்து, ஸ்லைடில் எங்கே நிற்கிறது என்று டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். முன்னால் யாரும் நிற்க வேண்டாம். ஸ்லைடு நகர்ந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. அசையவே இல்லை என்றால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

சமதரையில் நிற்கும்போது தள்ளுவதற்குப் பாரம் இல்லாமல் தப்பாகத் தெரியலாம். அதனால் ஸ்லைடு பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி வண்டியை நிறுத்திச் செய்யுங்கள். அதுவரை பூட்டுக் கம்பி இல்லாமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

#15 பைன்மரநிழல்

தம்பி நெடுஞ்சாலைவாசிக்கு ஒன்று. எண்ணெய் பீய்ச்சிய இடத்துக்குப் பக்கத்தில் ஸ்லைடின் கீழ் ரப்பர் சீல் இருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள். அந்தச் சீல் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். வெயிலும் மழையும் அதை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது, ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். உப்பிய சீல் ஸ்லைடு உள்ளே வரும்போது சுருண்டு மாட்டிக் கிழியும். அடுத்த மழையில் தரைப் பலகை நனையும். மூலையில் தரையை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் ஏற்கனவே நீர் இறங்கியிருக்கிறது.

இதே காரணத்தால் சீலுக்குப் பளபளப்புத் தர கிரீஸ், வாஸலின் எல்லாம் போடாதீர்கள். ரப்பர் சீலுக்கென்று வரும் சிலிக்கோன் ஸ்பிரே போதும். கூரையில் மட்டும் சிலிக்கோன் பசை வேண்டாம். ஒருமுறை பூசிவிட்டால் அப்புறம் வேறெதுவும் அதன் மேல் ஒட்டாது. டைகார் போன்ற தானே பரவும் பூச்சுதான் அங்கே சரி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

#16 நெடுஞ்சாலைவாசி

சீல் துடைத்துவிட்டேன் ஐயா, உப்பல் எதுவும் இல்லை. ஸ்லைடு இப்போது ஒரே சீராகப் போகிறது, அட்டை காய்ந்தே இருக்கிறது. மார்ச் அப்பாயின்ட்மெண்டை ரத்து செய்துவிட்டேன்.

பேட்டரி பேச்சு வந்ததால் கேட்கிறேன். விடிகாலையில் ஹீட்டர் விசிறி ஓடுகிறது, ஆனால் பற்ற மாட்டேன் என்கிறது. கேஸ் நிறைய இருக்கிறது, அடுப்பு எரிகிறது.

#17 மீனாட்சி_கால்வெஸ்டன்

விசிறி ஓடியும் பற்றவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான். ஹீட்டருக்குள் காற்றுத் தள்ளி மூடும் ஒரு சின்னத் தகடு சுவிட்ச் இருக்கிறது, செயில் ஸ்விட்ச் என்பார்கள். விசிறி போதுமான வேகத்தில் ஓடினால்தான் அது மூடும், அது மூடினால்தான் கேஸ் வால்வு திறக்கும். விடிகாலையில் பேட்டரி இறங்கி விசிறி மெதுவாகச் சுற்றும்போது அது மூடாது. ஜெனரேட்டர் போட்டதும் பற்றுகிறது என்றால் காரணம் அதுவேதான்.

ஜெனரேட்டர் போட்டும் பற்றவில்லையென்றால் வெளியே இருக்கும் புகைக்குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மண் கூடு கட்டும் குளவி அந்தக் குழாயை அடைத்துவிடும். கூடு இருந்தால் முழுதாக எடுத்து, குழாய் வாயில் கம்பி வலை போடும்போது அந்த ஹீட்டருக்கு வலை அனுமதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள். சில வலைகள் புகையைத் திணற வைத்து விஷவாயுவை உள்ளே தள்ளும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்னால் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும், அது தாண்டியிருந்தால் ஹீட்டரைத் தொடுவதற்கு முன்னால் அதை மாற்றுங்கள்.

#18 நெடுஞ்சாலைவாசி

ஜெனரேட்டர் போட்டதும் உடனே பற்றிவிட்டது. ஆறு வோல்ட் பேட்டரி இரண்டும் பழையவை. லித்தியம் போடலாமா என்று யோசிக்கிறேன், இந்த ஹைட்ராலிக் பம்ப் இழுவையைத் தாங்குமா?

#19 மீனாட்சி_கால்வெஸ்டன்

தாங்கும், ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று எத்தனை ஆம்பியர் தொடர்ந்து விடும் என்று பார்த்து வாங்குங்கள். 100 ஆம்பியர் மட்டும் தரும் ஒற்றைப் பேட்டரி, பம்ப் கிளம்பும் நொடியிலேயே தன்னை அணைத்துக்கொள்ளலாம். இரண்டை இணையாகப் போடுங்கள். பழைய கன்வெர்ட்டருக்கு லித்தியம் சார்ஜ் முறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. வடக்கே போகும் திட்டம் இருந்தால் சூடேற்றும் வசதி உள்ளதை வாங்குங்கள், அல்லது வண்டிக்குள் சூடான அறையில் வையுங்கள்.